நீரேற்று நிலையத்தின் ஷெல்

பேயைக் கண்டு மனிதகுலம் பயந்த காலம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, தேநீருக்குச் சற்று முன்பு முடிவுக்கு வந்தது. முடித்துவைத்தவன் பீத்தல். அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர் அது. காரணம் கேட்டு யாரும் வந்ததில்லை. "பேய்ங்கிறது தப்பா எழுதின செட்டிங்ஸ். திருத்தினா போயிடும்" என்று அவன் அறிவித்ததை எல்லோரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததையும் எல்லோரும் பார்த்தார்கள். இது கட்டுக்கதை இல்லை. போய் விசாரிக்கலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். பேசவும் மாட்டார்கள்.

தொலைவிலுள்ள நீரேற்று நிலையங்களை இங்கிருந்தே இயக்குவது பீத்தலின் வேலை. எடிட்டர் என்கிற மென்பொருள் வழியாக அங்குள்ள கணினியோடு இணைந்து, ஷெல் என்கிற கறுப்பு ஜன்னலில் கட்டளை அடித்தால் அங்கே பம்பு ஓடும். பக்கத்து இருக்கை அக்காவுக்கும் அதே வேலை. மாலையில் அந்த ஜன்னலில் "போயிட்டு வரேன்" என்று அடித்துவிட்டுத்தான் அவர் கிளம்புவார்.

"மிஷின் என்ன, வாசல்வரைக்கும் வந்து வழியனுப்புமாக்கா?"

"உனக்குப் பத்து விரல்லயும் வாய்டா."

அந்த வெள்ளிக்கிழமை விடாத மழை. ஒரு நிலையத்தில் பம்பு நின்றுவிட்டது. ஓட வைக்காவிட்டால் கீழ்த்தளம் நிரம்பிவிடும். அங்கே தனியாகக் காவலில் இருந்தவர் பீத்தலின் சொந்த அண்ணன். அவர் போன் எடுக்கவில்லை.

"ஷெல்லைத் திறடா, சீக்கிரம்!" மேலாளர் கத்தினார்.

திறந்தது. உடனே மூடிக்கொண்டது.

மறுபடியும். மறுபடியும்.

காரணம் கேவலமானது. தன் வீட்டுக் கணினியில் சிங்காரித்து வைத்திருந்த ஷெல்லையே எல்லா நிலையங்களுக்கும் எடிட்டரில் எழுதி வைத்திருந்தான் பீத்தல். அண்ணன் இருந்த நிலையத்தின் கிழட்டுக் கணினியில் அப்படியொரு ஷெல்லே கிடையாது. இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். அது உறைக்க அவனுக்கு அரைமணிக்கு மேல் ஆனது.

எந்தக் கணினியிலும் இருக்கும் சாதாரண ஷெல்லின் பாதையை எழுதினான். சேமித்தான்.

ஜன்னல் மூடாமல் நின்றது.

அவன் விரல் வைக்கும் முன்... எழுத்துகள்.

*தம்பி*

"அண்ணன்க்கா! இருக்கான்! அங்கேதான் இருக்கான்!"

எல்லோரும் எழுந்து வந்து சூழ்ந்தார்கள். பம்புக் கட்டளையை அடித்தான். ஓடுகிறது என்று பதில் வந்தது. கீழே...

*ஓடலடா*

மறுபடி அடித்தான். ஓடுகிறது.

*ஓடலடா*

"மேல ஏறுண்ணா!"

அக்கா திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார். அங்குள்ள கணினியின் கடிகாரம். 9.10. சுவரில் 9.42.

விநாடி நகரவில்லை. எழுத்துகள் மட்டும் நகர்ந்தன.

*ஏறிட்டேன்*

*குளிருது*

*ஏன்டா திறக்கல*

டக்.

ஜன்னல் இல்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. அண்ணனைக் கீழ்த்தளத்திலேயே கண்டெடுத்தார்கள். ஒரு படிகூட ஏறியிருக்கவில்லை.

சேறு வழியும் கணினியைத் தூக்கி வந்து மேஜையில் வைத்த மின்பணியாளர் பீத்தலை விநோதமாகப் பார்த்தார்.

"ஒன்பது பத்துக்கே கரண்டு போயிடுச்சு தம்பி. மீட்டர்ல இருக்கு. அதுக்கப்புறம் பேசினீங்கன்னு சொல்றாங்களே?"

"அண்ணன்தான் அடிச்சான். எல்லாரும் பார்த்தோம்."

"எதுல அடிச்சாரு? இதுக்குக் கீபோர்டே கிடையாதே. திரையும் கிடையாது. என்னைக்குமே மாட்டினதில்ல."

பீத்தல் இப்போதும் அதே இருக்கையில்தான். பேய் இல்லை என்று யாரிடமும் சொல்வதில்லை. இருக்கிறது என்றும் சொல்வதில்லை. மாலையில் அறை காலியானதும், மூலையில் கழற்றிப் போட்ட அந்தக் கணினிக்கு எடிட்டரில் இணைப்புக் கேட்பான். கிடைக்காது. கிடைக்காத ஜன்னலிலேயே மெதுவாக, சத்தம் வராமல், அடிப்பான்.

*போயிட்டு வரேண்ணா*