ஆளுக்கு ஒரு வசனம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்கூலில் கணக்கு வாத்தியார் வேலை, சனிக்கிழமை சாயங்காலம் காட்டூரில் கிறிஸ்தவ சபைக்கு நான் நடத்தும் வேதபாட வகுப்பு. அறுபதுகளின் தொடக்கத்தில் என் பிழைப்பு இப்படித்தான் ஓடியது. என்னோடு வேலை பார்த்த சமஸ்கிருத வாத்தியாருக்கு இந்த வகுப்பு பெரிய வேடிக்கை.

"என்ன சார், இன்னிக்கு உங்க காலட்சேபம் உண்டோ? எங்க பக்கத்துல ஒருத்தர் சொல்லுவார், மத்தவா தூங்குவா. நீங்க எல்லாரையும் படிக்கச் சொல்லி எழுப்பிடறேளாமே?"

உண்மைதான். எங்கள் வழக்கம் ஆளுக்கு ஒரு வசனம். ஜன்னலோரம் தொடங்கி வாசற்படி வரை வரிசையாக வாசிக்க வேண்டும், பிறகு நான் விளக்குவேன். பதினைந்து வயதுப் பிள்ளைகள் தங்கள் பங்கு எது என்று விரல்விட்டு எண்ணி, அதை மட்டும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். பெரியவர்களும் அதையேதான் செய்தார்கள், கண்ணை மூடி ஜெபிக்கிற பாவனையில். மீதி வசனங்கள் என்ன சொல்கின்றன என்று ஒருவருக்கும் தெரியாது. நானும் யோக்கியன் இல்லை. பஸ்ஸில் வரும்போதே யாருக்கு எது விழும் என்று கணக்குப் போட்டு, வாயில் நுழையாத பெயர்கள் மூப்பருக்கு விழாமல் பார்த்துக்கொள்வேன்.

மூப்பர் சபையில் பெரிய மனிதர். வகுப்பு நடந்தது அவர் வீட்டுக் கூடத்தில். பெரியவர்களுக்கு ஆறு நாற்காலி, பிள்ளைகளுக்கு ஒரு பெஞ்சு, அப்புறம் ஒரு பாய். பாயில் யார் உட்கார வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். கர்த்தருக்குள் எல்லாரும் சமம், நாற்காலிதான் ஆறு.

பாயில் உட்கார்ந்தவர்களில் ஒரு அம்மா, காந்தி மார்க்கெட்டில் வாழையிலை விற்பவர். நாற்பது வயதுக்கு மேல் என்னிடம்தான் எழுத்துக்கூட்டப் படித்தார். நாலு பேர் நடுவே ஒரு வசனமாவது தன் வாயால் வாசித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக, வேதத்தில் கடிதமாக வரும் ஒரு நிருபத்தில் சின்ன வசனமாகப் பொறுக்கினேன். மனிதனுடைய கோபத்தால் கடவுளின் நீதி நடக்காது என்று வரும் இடம். அது மூன்றாவதாக விழும்படி, பாயின் நுனியில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் சொல்லிவைத்தேன். ஒரு வாரம் முழுக்க இலைக்கட்டுகளுக்கு நடுவே அதையே படித்துப் பழகியிருக்கிறார்.

அன்று தொடங்குகிற நேரத்தில் தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். மூப்பர் மகனுக்குப் பெண் கொடுக்கப் போகிறவர். விரலில் சிவப்புக்கல் பதித்த தங்க மோதிரம், தோளில் சரிகை அங்கவஸ்திரம். மூப்பருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளேயிருந்து ஏழாவது நாற்காலி வந்தது. அப்படி ஒன்று அந்த வீட்டில் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதைப் போட என் பக்கத்தில் இடம் வேண்டியிருந்தது.

"கொஞ்சம் வாசப்படிகிட்ட தள்ளி உக்காந்துக்குங்கம்மா" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

அவர் எழுந்து போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாவதாக இருந்தவர் பதின்மூன்றாவது ஆளானார். கணக்கு வாத்தியாருக்கு அந்தக் கணக்கு மட்டும் ஓடவில்லை.

அந்த அம்மா பழகி வைத்த வசனத்தை மோதிரக்காரர் கணீரென்று வாசித்தார். வரிசை நகர்ந்தது, அடுத்த அதிகாரம் வந்தது. பன்னிரண்டாவதாக பெஞ்சிலிருந்த ஒரு பெண் வாசித்தாள்: சபைக்குள் தங்க மோதிரமும் நல்ல உடுப்புமாக ஒருவன் வருகிறான், கந்தையோடு ஒரு ஏழையும் வருகிறான். பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எனக்கு அப்போதுதான் கணக்கு ஓடியது. அடுத்த வசனம் எனக்கு மனப்பாடம்.

அந்த அம்மா விரல் வைத்து எழுத்து எழுத்தாகத் தொடங்கினார். பணக்காரனுக்கு நல்ல இடம் காட்டி உட்காரச் சொல்கிறீர்கள், ஏழையை அங்கே நில் என்கிறீர்கள், இல்லாவிட்டால் என் காலடியில் உட்கார் என்கிறீர்கள். மற்றவர்கள் ஒரே மூச்சில் விழுங்கிவிடும் வசனத்துக்கு அவருக்கு மூன்று நிமிஷம் ஆயிற்று. ஒரு எழுத்தையும் விடவில்லை. அந்தக் கூடத்தில் முதல் தடவையாக எங்கள் வகுப்பார் எல்லாரும் வேதத்தைக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

முடித்துவிட்டு நிமிர்ந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"தப்பில்லாம படிச்சேனா சார்?"

"ஒரு தப்பும் இல்லீங்கம்மா."

அன்று விளக்கம் கிடையாது. ஜெபம் பண்ணி வகுப்பை முடித்துவிட்டேன்.

மூப்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே நீங்களே படிச்சிடுங்க சார். மத்தவங்க கேக்கட்டும். நேரமும் மிச்சம்."

இத்தனைக்கும் தஞ்சாவூர்க்காரர் எதையும் கவனிக்கவே இல்லை. தன் வசனம் முடிந்ததுமே எங்களைப்போல அவரும் காதை மூடிக்கொண்டுவிட்டார். கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. ஆனாலும் நான் மூப்பரிடம் "சரிங்க" என்றேன். இந்த வீட்டை விட்டால் வகுப்புக்கு இடம் ஏது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம், வேறொன்றுமில்லை. ஸ்ரீரங்கத்து நண்பர் சொன்ன காலட்சேபம்தான் கடைசியில் நடந்தது.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா எல்லாருக்கும் முன்னால் வந்து, யாரும் சொல்லாமலே வாசற்படிப் பக்கம் உட்கார்ந்திருந்தார். விட்ட இடத்திலிருந்து பதின்மூன்று எண்ணி, அந்த வசனத்தைப் பழகிக்கொண்டு வந்திருந்தார். நான் முதலிலிருந்து கடைசி வரை நானே வாசித்தேன். பதின்மூன்றாவது வசனம் வந்தபோது அவர் உதடு அசைவது தெரிந்தது. நான் நிறுத்தவில்லை.