சாறு குடித்த பாலம்

ஸேலிக்கு எதைக் கண்டாலும் பயம். இடி என்றால் பயம், பக்கத்து வீட்டு வாத்து என்றால் பயம், ஆறு என்றால் கேட்கவே வேண்டாம். பிரான்சின் லாங்கெடாக்கில் திராட்சைத் தோட்டக்காரர் மகளாகப் பிறந்து, இசிடோர் என்ற தச்சனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அந்த மனுஷனுக்கோ பயம் என்ன நிறம் என்றே தெரியாது. ஊருக்கு முதல்முதலாகக் கம்பி கட்டிய கான்கிரீட் பாலம் வந்தபோது, வளைவைத் தாங்கிய மரச்சாரம் முழுக்க அவன் கைவேலை.

வளைவின் உச்சியை மூடும் கடைசிக் கலவையில் தச்சன் பெண்சாதி ஒயின் ஊற்றுவது, கல்பாலக் காலத்திலிருந்தே அங்கே வழக்கம். வீட்டில் பழைய ஒயின் தீர்ந்துபோயிருந்தது. திராட்சை அறுவடை நேரம் வேறு. நல்ல காரியத்தில் கஞ்சத்தனம் கூடாதென்று, அன்று பிழிந்த இனிப்புச் சாற்றை ஒரு வாளி நிறையக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்து, சாரம் பிரிக்கும் நாள் காலையில், அந்த வாளியைக் கழுவ எடுத்தாள். சாற்றைக் கவிழ்த்தபோது உள்ளே தெறித்து அடியில் ஒட்டியிருந்த கலவை, விரல் பட்டதும் சேறாக வழிந்தது. அதே நாள் இசிடோரின் பூட்ஸிலிருந்து வாசலில் உதிர்ந்த கலவையோ கல்லாகிக் கிடந்தது. உச்சியும் இப்படித்தானே இருக்கும்? அதன் அடியில் நின்று முட்டுக் கட்டைகளை உருவப் போகிறவன் அவள் புருஷன்.

பாலத்துக்கு விழுந்தடித்து ஓடினாள்.

"ஏங்க, உருவாதீங்க. உச்சி இன்னும் சேறாத்தான் இருக்கு. நான் ஊத்துன சாத்தோட சர்க்கரை கலவைய இறுகவிடாமக் கெடுத்துடுச்சுங்க."

மேஸ்திரி ஓரஸ் சிரித்தான். "என்ன ஸேலி, இன்னைக்கும் வாத்து தொரத்துச்சா?"

இசிடோருக்கு மானம் போயிற்று. "வீட்டுக்குப் போடி. ஊரே பாக்குது."

அவள் போகவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆற்றில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்ற முட்டுக் கட்டையைக் கட்டிக்கொண்டாள். "என்னை இழுத்துப் போட்டுட்டு உருவுங்க."

அவள் வாயை அடைக்கத்தான் இசிடோர் கடப்பாரையோடு ஏணியில் ஏறினான். "நல்லாப் பாத்துக்க," என்று உச்சியில் ஓங்கிக் குத்தினான்.

கடப்பாரை ஒரு சாண் உள்ளே போய் நின்றது.

ஓரஸின் சிரிப்பு நின்றுவிட்டது. இசிடோர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஸேலி," என்றான் கடைசியில். "மேல வந்து கையப் புடிச்சுக்கடி. என்னால எறங்க முடியல."

பல்லைக் கடித்துக்கொண்டு, ஈரப் பாவாடையோடு ஸேலி ஏணியில் கால் வைத்தாள்.