மூன்றாவது ஆட்டக்காரி

நான் சொல்வதில் கை, கால், மூக்கு ஒட்டவைத்த பகுதி கொஞ்சம் இருக்கும் என்று எங்கள் தெருவே சொல்லும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் நான் ஒட்டவைத்தது எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. போலீஸ் எழுதிக்கொண்டு போன தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அடுத்த வீட்டு அண்ணனுக்கு நான் வைத்த பெயர் பீப்பு. நாற்பது வருடத்துக்கு முந்தைய வார்த்தை விளையாட்டு மெஷின்களைத் தேடித் தேடி வாங்குவார். உள்ளங்கையில் அடங்குகிறவை, பட்டன் தேய்ந்தவை, திரை கறுத்தவை. இரண்டு செத்த மெஷினைப் பிரித்து ஒன்றுக்கு உயிர் கொடுப்பார். அண்ணியின் துணி அலமாரியில் புடவையைவிட சர்க்யூட் அதிகம். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சரிசெய்த மெஷினை ஆட்களை வைத்து ஒரு முழு ஆட்டம் ஆடிப் பார்க்காமல் அலமாரியில் ஏற்ற மாட்டார்.

ஞாயிறு மதியம், 3.40. சுவருக்கு அந்தப் பக்கம் பீப்... பீப்... என்னால் சும்மா இருக்க முடியுமா? சர்க்கரை கேட்கிற சாக்கில் கிண்ணத்தோடு போனேன்.

"வந்துட்டாங்கப்பா நம்ம ரேடியோ!" என்றாள் அண்ணி.

"நல்ல நேரத்துல வந்தேம்மா. இதுக்கு மூணு பேர் வேணும், உட்காரு," என்றார் அண்ணன்.

மெஷின் அரைச் செங்கல் கனம். உள்ளே நான்கு தடித்த பேட்டரி. மேசையில் அவர் வினிகரில் நனைத்துத் துடைத்த பஞ்சுகள் கிடந்தன. கசிந்த பேட்டரியைத் துடைத்தால் பஞ்சு பச்சையாகும். அவர் வீட்டுக் குப்பையை நான் பார்க்காததா? இவை கருஞ்சிவப்பாக இருந்தன.

"வெறும் துரு," என்றார்.

திரையில் ஆங்கிலத்தில் ஒரு சொல் ஓடும். அதை உச்சரிக்காமல் விளக்க வேண்டும். மற்றவர் கண்டுபிடித்ததும் மெஷினைக் கைமாற்ற வேண்டும். பீப் வேகமாகிக்கொண்டே போகும். ஒரு நிமிடத்தில் மெஷின் அலறும். அப்போது அது யார் கையில் இருக்கிறதோ அவர் தோற்றார்.

3.48. அண்ணனுக்கு 'மேகம்' வந்தது. அண்ணிக்கு 'சாவி'. எனக்கு 'நெற்றி'. தொட்டுக் காட்டினேன். அண்ணி உடனே சொல்லிவிட்டாள். சிரித்தோம்.

அடுத்த சுற்று. அவர்களுக்கு 'ரயில்', 'சோப்பு'.

எனக்கு 'எலும்பு'.

அதற்கடுத்த சுற்றில் எனக்கு 'ரத்தம்'.

சுவர்க் கடிகாரம் பார்த்தேன். 3.51. மூன்று நிமிடம் ஆகியிருந்தது. மெஷின் இன்னும் அலறவில்லை...

"அண்ணே, இது சரியாகலை போல."

அவர் மெஷினைப் பார்க்கவில்லை. என் நெற்றியையே பார்த்தார்.

"குடு."

அது அவர் குரல் இல்லை. என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு எழுந்தார்.

"என்னங்க, ஏன் இப்படி முறைக்கிறீங்க?" அண்ணி எங்களுக்கு நடுவில் வந்தாள்.

பீப்பீப்பீப்பீப்.

மெஷினை ஓங்கி இறக்கினார். அண்ணியின் நெற்றியில். சட்டி உடைகிற சத்தம்.

மறுபடியும். என் கண்ணாடியில் சிவப்பு தெறித்தது.

கை மூன்றாம் முறை உயர்ந்தது. அது விழுந்தால் அண்ணி இல்லை.

ஸ்டூலைத் தூக்கி அவர் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்தது... கேட்டது.

அவர் கத்தவில்லை.

தொங்கிய கையிலும் மெஷின் இருந்தது.

விரல்களில் அடித்தேன்.

விழுந்தது.

அலறியது.

அப்புறம்தான் அண்ணனும் அலறினார். "ஐயோ... யாரு இவளை அடிச்சது?"

அண்ணிக்குப் பதினேழு தையல். பிழைத்துவிட்டாள். போலீஸிடம் அண்ணன் எதுவும் ஞாபகமில்லை என்றார். என்னிடம் மட்டும், கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "அவளை அடிக்கலைம்மா... அவ குறுக்க வந்துட்டா."

நாலாம் நாள் மெஷினை விற்ற பழைய சாமான் கடைக்காரரைத் தேடிப் போனேன்.

"அதுவாம்மா? கேஸ் முடிஞ்சு வந்த சாமான். ஒரு வீட்ல புருஷன் அதாலயே அடிச்சிட்டாரு."

"பொண்டாட்டியையா?"

"இல்ல, அந்தம்மா நல்லா இருக்காங்க. அவங்கதான் எங்கிட்ட வித்தாங்க. அன்னிக்கு ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைஞ்சுதாம். பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு உட்கார வெச்சிருக்காங்க. செத்தது அவங்க."