எண்பதைத் தாண்டாமல் ஆம்பூர் வரை

காலை 4.40. மைசூர் ரிங் ரோட்டுப் பெட்ரோல் பங்கில் என் வண்டி ஒன்றுதான் நின்றது. லிட்டர் நூற்றிரண்டு ரூபாய் சொச்சம். முதல் தடவை குழாய் 'டக்' என்று நின்றதும் போதும் என்றேன். பங்க்காரர் வழக்கம்போல வண்டியை இடுப்பால் ஆட்டி இன்னும் அரை லிட்டர் திணிக்கப் பார்த்தார். வேண்டவே வேண்டாம் என்று தடுத்தேன். புறப்படும்போதும் போய்ச் சேரும்போதும் ஒரே மாதிரி நிரப்பினால்தான் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது சரியாக வரும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் வகுத்தல் மட்டும் தப்பாமல் வரும்.

எதற்கு இந்தப் பாடு என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி செல்வி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசர். மைசூரில் இருந்த பிரிவை மூடியபோது அங்கே கூப்பிட்டார்கள், போய்விட்டாள். ஏழு மாதம் ஆகிறது. பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். நான் இங்கே கட்டிடங்களுக்கு அலுமினிய ஜன்னல் பொருத்துகிறேன். சனிக்கிழமை இரவு வரை வேலை, திங்கள் காலை எட்டு மணிக்கு மறுபடியும் வேலை. பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் மட்டும்தான் எங்களுக்கு. விடுதிக்குள் ஆண்கள் போகக்கூடாது, மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆகவே ஆம்பூரில் எங்கள் வீடு இந்தக் கார்தான். பதினோரு வருடப் பழைய பெட்ரோல் வண்டி. டிக்கியில் இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு தண்ணீர் கேன், சின்ன அடுப்பு. பாலாற்றங்கரையில் புளியமரத்தடியில் அவற்றை இறக்கினால் மாலை வரை அது எங்கள் கூடம்.

வண்டி லிட்டருக்குப் பதினைந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அதை வைத்து மாதம் இரண்டு ஞாயிறுதான் போக முடிந்தது. இருபத்திரண்டு கொடுத்தால் அதே பெட்ரோலில் மூன்று ஞாயிறு போகலாம். இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

மெக்கானிக் மாதேஷ் கொள்ளேகால்காரர். அவரிடம் போனேன். டயரில் காற்றைக் காலையில் வண்டி ஓடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும், மேலே இருக்கும் கேரியரைக் கழற்ற வேண்டும், ஐந்தாவது கியரில் எண்பதைத் தாண்டாமல் ஒரே சீராகப் போக வேண்டும் என்றார். இறக்கத்தில் நியூட்ரல் போடுவேனா என்று கேட்டார். போடுவேன் என்றேன்.

"இன்னைக்கே வுட்டுருங்ணா. அது பழைய வண்டிக்காரங்க வேல. கியர்லயே வுட்டீங்கன்னா எஞ்சினே பெட்ரோல நிறுத்திக்கும். நியூட்ரல்ல குடிச்சுக்கிட்டேதான் இருக்கும்."

பிறகு டிக்கியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "என்னங்ணா, உள்ள குடித்தனமே நடக்குதாட்டம் இருக்குது. எறக்கி வெச்சுட்டுப் போங்."

சனிக்கிழமை எல்லாவற்றையும் இறக்கி வீட்டுச் சமையலறையில் வைத்தேன்.

5.05. ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி முதல் சுங்கச்சாவடி. அதற்குப் பிறகு சாலை ஒரே நேர்கோடு. நூறு வரை போகலாம் என்று பலகை இருக்கிறது. நான் எண்பதில் இடது ஓரமாகப் போனேன். பெங்களூர் பஸ்கள் என்னைத் தாண்டும்போதெல்லாம் வண்டி ஒருமுறை ஆடியது. ஆடும்போதெல்லாம் டயர்தான் போய்விட்டதோ என்று மண்டியா பைபாஸ் வரைக்கும் பயந்துகொண்டே வந்தேன். மத்தூர் அருகில் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் காற்று குறைவாக இருக்கும் என்று முயன்று பார்த்தேன். அவன் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்து இரண்டே நிமிடத்தில் விலகிவிட்டேன். அந்தச் சாலையில் டூவீலர் கிடையாது, ஆட்டோ கிடையாது, நடந்து போகிறவர்கள் கிடையாது. இரண்டு பக்கமும் வேலி. ராமநகரப் பாறைகள் விடிந்துகொண்டிருந்தன. அதைச் சொல்வதற்குப் பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை.

7.40, ஓசூர். பெங்களூருக்குள் நுழையாமல் சுற்றுச்சாலையில் வந்தேன். டீ பதினைந்து ரூபாய். குடிக்கும்போது செல்வி போன் செய்தாள். எங்கே இருக்கிறேன் என்று கேட்டாள். இந்நேரம் கிருஷ்ணகிரி தாண்டியிருப்பேனே, வண்டிக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்றாள். ஒன்றுமில்லை, மெதுவாக வருகிறேன் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. மூன்று ஞாயிறு என்பதை நேரில் சொல்லி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

சூளகிரி மலைகளைத் தாண்டியதும் சாலை இறங்குகிறது. நியூட்ரல் போடப் போன கையை இரண்டு தடவை இழுத்துக்கொண்டேன். கிருஷ்ணகிரியில் இடது பக்கம் திரும்பி, பர்கூர், நாட்றம்பள்ளி, வாணியம்பாடி. வெயில் ஏற ஏற உடம்பு நனைந்தது. ஏ.சி. போடவில்லை. கண்ணாடியை இறக்கினால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்கும் என்று அதையும் ஏற்றியே வைத்திருந்தேன்.

9.55, ஆம்பூர். விடுதிக்குப் போவதற்கு முன் பங்கில் நிறுத்தி நிரப்பினேன். 302 கிலோமீட்டர், 13.8 லிட்டர். பங்க் ஓரத்தில் நின்று போனில் மூன்று தடவை வகுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டுக்கு மயிரிழை குறைவு. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பங்க்காரரிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

விடுதி வாசலில் செல்வி இல்லை. வாட்ச்மேன்தான் எழுந்து வந்தார். "அம்மா ஒன்பது மணிலேர்ந்து வெயில்லயே நின்னுனு இருந்தாங்க சார். இப்பத்தான் தண்ணி குடிக்க உள்ள போனாங்க" என்றார். வழக்கமாக ஒன்பதுக்கெல்லாம் நான் வந்துவிடுவேன்.

பாலாற்றங்கரைக்குப் போனோம். மணலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தியதும் செல்வி இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தாள். உள்ளே குனிந்து பார்த்தாள்.

"நாற்காலி எங்கங்க?"

எடை என்றேன். மைலேஜ் என்றேன். இருபத்திரண்டு என்றேன். மூன்று ஞாயிறு கதையை முழுக்கச் சொன்னேன். நான் நினைத்திருந்த முகம் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நின்ற இடத்திலேயே பெட்ரோல் போகிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் சாவியைத் திருப்பி அணைத்தேன். அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள். கண்ணாடிகளை இறக்கினேன். அடுப்பைத் திறந்ததுபோல அனல் உள்ளே வந்தது.

ஒரு மணிக்குப் பிரியாணி வாங்கிவந்தேன். வண்டியிலேயே பிரித்தோம். செல்வி இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டாள். பிரியாணியை ஸ்பூனில் சாப்பிடுகிறவள் அல்ல அவள். அப்போதுதான் பார்த்தேன். வலது கை ஆள்காட்டி விரலில் கட்டு. காலையிலிருந்து மூன்று மணி நேரமாகப் பக்கத்தில் இருந்திருக்கிறது அந்தக் கை.

வியாழக்கிழமை நடந்ததாம். புதுப் பெண்ணுக்கு மெஷினில் தைத்துக் காட்டும்போது ஊசி நகத்தோடு இறங்கிவிட்டது. ஊசி போட்டு மருந்து வைத்தார்கள், இப்போது பரவாயில்லை என்றாள். போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"போன்ல சொன்னா நீங்க ராத்திரியெல்லாம் தூங்க மாட்டீங்க. நேர்ல விரலக் காட்டிச் சொன்னா பயப்பட மாட்டீங்கன்னுதான் வெச்சிருந்தேன். சொல்ல ஆரம்பிச்சேன், நீங்க சாவியத் திருப்பிட்டீங்க."

பிரியாணிப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் பயப்படுகிறவன் நான். பயப்பட வேண்டியது பக்கத்தில் இருந்தபோது பெட்ரோலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சாயங்காலம் எப்போது கிளம்புவேன் என்று அவள் கேட்டாள். எண்பதில் போவதானால் நாலு மணிக்கே கிளம்ப வேண்டும் என்று இழுத்தேன்.

"காலைல ஒரு மணி நேரம் போச்சு. சாயங்காலம் ஒரு மணி நேரம் போகுது. மீதியும் சும்மனே இப்படி வெந்துக்கிட்டு உக்காரணுமா? மூணு ஞாயிறு வேணாங்க எனக்கு. ரெண்டே போதும். முழுசா வாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இடது கையை நீட்டிச் சாவியைத் திருப்பி ஏ.சி.யை அவளே போட்டாள். பிறகு அந்தப் பெண் எப்படி அழுதாள், தானே அவளைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது என்று முதலிலிருந்து சொன்னாள். நான் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

ஐந்தரைக்குத்தான் விடுதி வாசலில் இறக்கிவிட்டேன். உள்ளே போகும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வாணியம்பாடி தாண்டும்போது பொழுது சாய்ந்தது. வேகமாகப் போனால் சீக்கிரம் படுக்கலாம், காலையில் வேலை இருக்கிறது. ஆனால் கால் தானாகவே எண்பதில் நின்றது.

அதற்குப் பிறகு நாலு தடவை போய் வந்துவிட்டேன். டிக்கியில் எல்லாம் பழையபடி ஏறிவிட்டன. போகும்போது நூறில் போகிறேன், லிட்டருக்குப் பதினாறு வருகிறது. திரும்பும்போது இருபது, சில நாள் அதற்கும் மேல். ஆம்பூரிலிருந்து மைசூருக்குச் சாலை மொத்தத்தில் ஏற்றம்தான், திரும்பும்போது எப்படிக் கூடுகிறது என்று மாதேஷுக்குப் புரியவில்லை. சென்சாரைப் பார்க்க வேண்டும் என்று வண்டியைக் கொண்டுவரச் சொல்கிறார். நான் போகவில்லை. வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. மைசூரில் ஒன்பது மணியிலிருந்து யாரும் வாசலில் நிற்பதில்லை, அவ்வளவுதான்.