நான் அடித்த குட்டை முளைகள்

“…புதுசா கொட்டுன மண்ணுக்கு இந்தக் குட்டை முளை நிக்காதுங்களே, உங்களுக்குத் தெரியாததுங்களா?” என்று கேட்டார் அந்தப் பனியன் கம்பெனி முதலாளி. அவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நான் கட்டிய சாமியானாவை ஆனி மாதக் காற்று அதற்குள் உப்ப வைத்திருந்தது.

தெரியும். தெரிந்தேதான் அடித்தேன். பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டும் நீள முளைகள் என் வண்டியிலேயே கிடந்தன.

சாமியானாத் தொழிலுக்கு வருவதற்கு முன்பு அவரிடம் நிட்டிங் மெஷின் ஓட்டினேன். ஒருநாள் மெஷின் ஊசிப் பெட்டி காணாமல் போனதும், செக்கிங் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் என் வேட்டியை அவிழ்த்து உதறச் சொன்னார். ஊசி கிடைக்கவில்லை, வேலை மட்டும் போனது. ஆறு வருடம் அந்தப் பெண்கள் சிரித்த சத்தத்தோடுதான் தூங்கினேன். சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் பந்தல் பறக்க வேண்டும், அவ்வளவுதான்.

“தெரியுமுங்க,” என்றேன். “அந்த ஊசி கிடைச்சுதுங்களா?”

அவர் முகம் தொங்கியது. “மறுநாளே கிடைச்சுதுங்க. என்ற சொந்த மேஜையிலயே இருந்துச்சு. உங்ககிட்டச் சொல்லத்தான் மனசு வரலீங்க.”

அப்போதும் நான் வண்டிப் பக்கம் நகரவில்லை. அந்தப் பந்தலுக்கடியில் குழந்தைகளும் உட்காருவார்கள் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. இதைச் சொல்ல இன்றும் கூசுகிறது.

சம்பந்தி வீட்டு வேன் வந்து நின்றது. ஒரு மூலை முளை பிடுங்கிக்கொண்டது. பட்டு வேட்டியோடு முதலாளி ஓடிப்போய், பறந்த கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, எல்லோரும் பார்க்க மண்ணில் உட்கார்ந்தார்.