கண்ணைத் திறந்தே வைத்திருக்கச் சொன்ன மெற்றில்டா அக்கா

செவ்வாய்க்கிழமை மதியம் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை முடிந்து சப்பாத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது நண்பர் அருள் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்டர், மெற்றில்டா அக்கா மோசம் போயிட்டா. காலமை, ஆஸ்பத்திரியிலை." ஓம் என்றேன். அடக்கம் எப்போது என்று கேட்டேன். மற்றச் சப்பாத்தைப் போட வெகுநேரம் எடுத்தது.

ஹனோவரில் அவரை அறியாத தமிழர் குறைவு. மன்னாரில் தாதியாக இருந்தவர். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டு, மருத்துவமனைகளில் எங்களுக்காக மொழிபெயர்த்தார். அவரைப் பற்றி நல்லது சொல்ல உங்களில் பலர் இருக்கிறீர்கள். எனக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது.

எனக்கு அவரைப் பிடிக்காது. அந்த மொழிபெயர்ப்பு வேலைக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். ஊரில் இரசாயனவியல் கற்பித்தவன், ஜெர்மன் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்தவன். எனக்கு இரண்டு வரியில் மறுப்பு வந்தது. பிழையான ஜெர்மன் பேசும் அவருக்கு வேலை கிடைத்தது. அதை நான் மறக்கவில்லை. மறக்க முயன்றதும் இல்லை.

நாட்டில் மறுபடியும் சண்டை தொடங்கிய வருடம் என் இரத்த அழுத்தம் இறங்கவே மறுத்தது. பாண் தட்டு கீழே விழுந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மேலாளர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கத்திவிடுவேன். என் மருத்துவர் என்னை, மூச்சைக் கவனித்துச் சும்மா இருக்கப் பழக்கும் எட்டு வார வகுப்பு ஒன்றுக்கு அனுப்பினார். எட்டுத் தமிழ் ஆண்கள், ஒரு ஜெர்மன் பெண் மருத்துவர், நடுவில் மெற்றில்டா அக்கா. "சும்மா இருக்கிறதுக்கும் நாள் நேரம் குறிச்சு டெர்மின் போட்டுத் தாற நாடு," என்றார் பக்கத்தில் இருந்த செல்வம். "சும்மா இருந்து பாருங்கோவன், கஷ்டம் தெரியும்," என்றார் அக்கா.

மருத்துவர் தெளிவாகவே விளக்கினார். ஆபத்தைக் கண்டதும் மூளையின் ஆழத்தில் பாதாம்பருப்பு அளவான ஒரு பகுதி அபாய அறிவிப்புக் கொடுக்கிறது. உடனே இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி நிலைமையை எடைபோட்டு அதை அமைதிப்படுத்த வேண்டும். நெடுங்காலம் அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு இந்த அமைதிப்படுத்தல் சரியாக நடப்பதில்லை. மூச்சையும் உடலையும் தீர்ப்புச் சொல்லாமல் கவனித்துப் பழகினால் அது மெல்ல மீளலாம்.

அக்கா இதைத் தமிழில் இப்படிச் சொன்னார்: "மூளைக்குள்ளை ஒரு நாய் இருக்குது. கள்ளன் போய்க் கனகாலம், அது இன்னும் குரைக்குது. அதுக்கு அடிக்காதேங்கோ, கட்டாதேங்கோ. கிட்டப் போய் இருங்கோ. களைச்சுப்போய்ப் படுக்கும்."

மருத்துவர் நாயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

பிறகு மருத்துவர், கண்களை மூடுங்கள் என்றார். அக்கா சொன்னார்: "கண்ணைத் திறந்தே வைச்சிருங்கோ. கால் நிலத்திலை படுறது தெரியுதோ எண்டு பாருங்கோ. கதவு பூட்டேல்லை." கதவும் மருத்துவர் சொன்னதல்ல. எட்டுப் பேரும் விழித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் வாரம் மருத்துவர் புன்னகையோடு, உங்கள் பண்பாட்டில் தியானம் இப்படித்தானோ என்று கேட்டார். "ஓம், இப்பிடித்தான்," என்று அக்கா கூசாமல் தலையாட்டினார்.

நான் முறைப்பாடு எழுதினேன். இரண்டு பக்கம். அவர் மாற்றிச் சொன்ன, கூட்டிச் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் வரிசையாகத் தமிழிலும் ஜெர்மனிலும் எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினேன்.

ஐந்தாம் வாரம் அக்கா வரவில்லை. இங்கே வளர்ந்த ஒரு பிள்ளை வந்தாள். ஒரு சொல்லும் பிசகாமல் மொழிபெயர்த்தாள்: "இப்ப கண்களை மூடுங்கோ." மூடினேன். மூடிய இடத்தில் சாக்கின் மணம் இருந்தது. முகாமில் விசாரணையின்போது தலையில் கவிழ்த்த சாக்கு. கண்ணைத் திறந்தபோது, செல்வத்தின் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்திருந்தன. ஒருவரும் கட்டவில்லை. அவரால் அவற்றை முன்னே கொண்டுவர முடியவில்லை. அந்தப் பிள்ளை பயந்து அழுதுவிட்டாள். மருத்துவர் செல்வத்துக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, அவர் கைகள் இறங்கும்வரை எழும்பவில்லை.

அடுத்த வாரம் அக்காவைத் திரும்ப அழைத்தார்கள். மருத்துவரும் அதன்பிறகு யாரையும் கண்ணை மூடச் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து ட்ராம் தரிப்பிடத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாஸ்டர், உங்கட கடிதத்தை எனக்குக் காட்டினவை. நல்ல ஜெர்மன். எனக்கு அப்பிடி எழுத ஏலாது."

"காரணத்தை டொக்டரிட்டை முதலே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொன்னால் ஆருக்கு என்ன நடந்தது எண்டு கேப்பா. உங்களைக் கேக்காமல் உங்கட கதையை நான் எப்பிடிச் சொல்லுறது?"

"என்னட்டையாவது சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் என்னோடை கதைக்கிறேல்லையே, மாஸ்டர்."

ட்ராம் வந்தது. அவர் ஏறினார். நான் அடுத்ததுக்கு நின்றேன்.

அக்காவை ஏன் ஒரு வாரம் நிறுத்தினார்கள் என்று அப்போது உங்களில் சிலர் தேவாலய வாசலில் நின்று கேட்டீர்கள். தெரியாது என்று நானும் சொன்னேன். அக்காவும் அங்கேதான் நின்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதன்பிறகு பல திருமணங்களில், பல மரணவீடுகளில் சந்தித்தோம். மன்னிப்புக் கேட்க எனக்குக் காலம் இல்லாமற் போகவில்லை. நான் கேட்கவில்லை. அதனால்தான் இதை உங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுதுகிறேன்.

அந்த வகுப்பு என்னை நல்லவனாக்கவில்லை. இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. மேலாளரை இன்னமும் பிடிக்காது. ஆனால் வேலைக்குப் போகுமுன் பத்து நிமிடம் நாற்காலியில் உட்காருகிறேன். முறைப்பாட்டின் பிரதி என்னிடம் இருக்கிறது. மெற்றில்டா அக்கா அந்த அறையில் எங்களுக்குச் சொன்னவை வேறெங்கும் எழுதப்படவில்லை. அவருடைய பிழைகள் என்று நான் இலக்கமிட்ட பதினொரு வாக்கியங்கள் அதில் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக வாசித்து, அவர் சொன்னபடி செய்கிறேன்.