இருபத்தோராவது சட்டை

டோங்காவின் கோலோவாய் கிராமத்துக்குள் நுழைந்ததும் மனாசே முதலில் தேடுவது தன் சட்டைகளைத்தான். அதோ, கிழங்குத் தோட்டத்தில் குனிந்து நிற்பது பிஜியிடம் தோற்ற சட்டை. வலை உதறுகிறவர் முதுகில் ஜப்பானை ஜெயித்த சட்டை. வேலியில் காய்வது கழுத்து கிழிந்தது. சமோவாக்காரன் பிடித்து இழுத்த இழுப்பு அப்படி. எல்லாம் சிவப்பு, எல்லாவற்றுக்கும் முதுகில் மூன்றாம் எண். தன் பத்து வருஷ ரக்பி வாழ்க்கை ஊருக்குள் நடமாடுவதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வான்.

ஆறடி மூன்றங்குலம். முன்வரிசையில் எதிரணியோடு முட்டி முட்டிக் காதிரண்டும் பிசைந்த மாவாகிவிட்டன. பிறந்து வளர்ந்தது ஆக்லாந்தில். "கொஞ்சம் பொறு, நியூசிலாந்து டீம்லயே கூப்பிடுவாங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். இருபத்து நாலு வயதில் டோங்கா கூப்பிட்டது. அப்பா பிறந்த மண்ணாயிற்றே, பொறுக்க முடியவில்லை. முதல் ஆட்டத்தில் தேசிய கீதத்துக்கு வார்த்தை தெரியாமல் வாயை மட்டும் அசைத்தான். டிவியில் பார்த்த ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. "முட்டுறவனுக்கு எதுக்குப் பாட்டு?" என்று கூப்பிட்டு உட்காரவைத்துக் கிழங்கு போட்டதும் அதே ஊர்தான். அந்த நன்றி அவனுக்கு இன்னும் தீரவில்லை.

சட்டைகளை ஊருக்குப் பங்கு வைத்தவள் லெசியேலி அத்தை, அப்பாவின் அக்கா. டோங்காவில் அத்தை கேட்டால் மறுபேச்சு கிடையாது. அவள் முன்னால் உயரமாக நிற்கவும் கூடாது, கீழே உட்கார வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து அவன் ஊருக்கு வந்ததும் கையை நீட்டுவாள். "எடுடா. பக்கத்து வீட்டு சேசியாவுக்கு முதுகெல்லாம் வெயில்ல தீயுதாம்." இருபது சட்டை அப்படித்தான் போயின.

இருபத்தோராவது ஆட்டம்தான் கடைசி. முழங்கால் போய்விட்டது. போன வாரமே ஆக்லாந்திலிருந்து அப்பா போனில் கெஞ்சினார்: "பத்து வருஷத்துல ஒரு சட்டைய நான் தொட்டுப் பாத்திருக்கேனா? கடைசியாச்சும் எனக்குக் கொண்டுவாடா." சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டான். மூன்றே புள்ளியில் ஜெயித்த கையோடு, சேற்றோடு சேற்றாகச் சட்டையைச் சுருட்டிப் பையின் அடியில் திணித்தான். மைதான வேலியோரம் நின்ற அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் ஊரில் விருந்து. தேங்காய்ப்பாலில் வெந்த இலைப்பொட்டலங்களை அத்தை அவன் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தாள். "தின்னுடா, எலும்பும் தோலுமா இருக்க." சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தான். பலாமரத்துக்குப் பின்னால் போய் அப்பாவைக் கூப்பிட்டான்.

"அப்பா, அத்தை கேக்கவே இல்லப்பா."

அப்பா பதறிவிட்டார். "கேக்கலயா? அக்கா கேக்காம விட்டாளா? டேய், உனக்குப் பேரு வெச்சவளே அவதான்டா. என் ஆசை கெடக்கட்டும், கொண்டுபோய்க் குடு."

மனாசே பையைத் திறந்தான். துவைக்காத சட்டையை அத்தையின் காலடியில் வைத்துத் தலைகுனிந்து உட்கார்ந்தான். ஊர் முழுவதும் எட்டிப் பார்த்தது, இது யாருக்கு என்று. சேசியாகூட அரை ஆசையோடு நகர்ந்து வந்தான்.

"போடா அந்தப்பக்கம்" என்று சேசியாவை விரட்டினாள் அத்தை. டோங்கா வழக்கப்படி மரியாதைக்காக இடுப்பில் சுற்றியிருந்த பழைய பாயை அவிழ்த்தாள். கறுப்பு கவுனுக்கு மேலேயே அந்தச் சேற்றுச் சட்டையை மாட்டிக்கொண்டாள். முழங்கால் வரை தொங்கியது. சர்ச்சுக்குப் போகிறவள் போல அதன்மேல் பாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"பையில ஒளிச்சப்பவே தெரியும், உங்கப்பனுக்குத்தான்னு. படம் எடுத்து அவனுக்கு அனுப்பு. வந்து வாங்கிக்கச் சொல்லு, அதுவரைக்கும் எங்கிட்டதான் இருக்கும்."

படமெடுக்க எழுந்தவன், தான் அத்தையைவிட உயரமாக நிற்பதைக் கவனித்தான். கெட்டுப்போன முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மறுபடியும் புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பிறகு அண்ணாந்து, போனை மேலே தூக்கிப் பிடித்தான்.